பாலத்தின் ஓரம் கொட்டிய உப்பு

போன வாரம் மொழிபெயர்ப்பு வகுப்பில் உங்களில் ஒருவர், மூக்குக்கண்ணாடி போட்ட அந்தப் பெண், ஒரு ஆங்கில வினைச்சொல்லுக்குத் தமிழ் கேட்டார். சேனல். பெயர்ச்சொல்லாக வந்தால் வாய்க்கால், கால்வாய்; இப்போதெல்லாம் கூடத்தில் இருக்கும் பெட்டியில் ஓடுவதும் அதுதான். அதில் ஒன்றும் கவலையில்லை. வினைச்சொல்லாக வரும்போதுதான் வம்பு. அகராதியைத் திறந்தால் வழிப்படுத்து, திசைதிருப்பு, செலுத்து, நெறிப்படுத்து என்று நாலைந்து பேர் அண்ணன் தம்பி மாதிரி வாசலில் நிற்கிறார்கள். இவர்களில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். எனக்கோ பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "எது ஓடுதுன்னு முதல்ல பாரும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்த முகம் தெளியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் இந்த ஒரு காரியத்துக்கு எத்தனை சொல் இருக்கிறது என்று பாருங்கள். உப்பளத்தில் கடல் தண்ணீரைப் பாத்திக்குப் பாய்ச்சுவார்கள். போதும் என்றால் மறிப்பார்கள். மழை விழுந்துவிட்டால் வெட்டி விடுவார்கள். உடன்குடிப் பக்கம் பதநீரை இறக்குவார்கள், வடிகட்டுவார்கள். தோணிக்காரர் தோணியை நீரோட்டத்துக்கு வாகாக ஒதுக்குவார். திருச்செந்தூர்த் திருவிழாவில் கூட்டத்தை வரிசையில் விடுவார்கள். ஆட்டைப் பத்திக்கொண்டு போவார்கள். பேறுகாலத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஆட்டைக் கூட்டிக்கொண்டு போனேன் என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம். மகளைப் பத்திக்கொண்டு வந்தேன் என்றால் சம்பந்தி வீட்டில் சண்டைதான்.

இந்தச் சொற்களையெல்லாம் நான் பள்ளியில் படிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. தமிழை ஊர் வாயிலிருந்து பொறுக்கினேன். ஆங்கிலத்தைச் சரக்குப் பெட்டிகள் சொல்லிக் கொடுத்தன. 'இந்தப் பக்கம் மேலே', 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று அவற்றின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துப் படித்தே துறைமுகத்தில் மொழிபெயர்க்கிற எழுத்தர் ஆனேன். எல்லாரும் 'ரைட்டர்' என்பார்கள். எழுதியதைவிடக் கத்தியதுதான் அதிகம். துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை ஆங்கிலத்தில் சொல்வார். நான் ஒரு தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு அதைத் தமிழில் கத்த வேண்டும். அதுதான் உத்தியோகம்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். கொழும்பில் குண்டு விழுந்துவிட்டது. அங்கே கடை வைத்திருந்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், கட்டிக் கொடுத்த பெண்கள் என்று நம் ஆட்கள் கிடைத்த தோணியில் ஏறித் தூத்துக்குடிக்கு வந்தபடி இருந்தார்கள். வந்து இறங்குவது எங்கள் பாலத்தில். பாலம் என்றால் ஆற்றுப்பாலம் இல்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இறங்குதுறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதன் ஒரு பக்கம் கம்பி அடைத்திருக்கும். தோணி அணைகிற பக்கத்தில் ஒன்றும் இருக்காது, கால் தவறினால் கடல்தான். ஆள் இறங்குவதும் சரக்கு ஏறுவதும் அந்த ஒரே பாலத்தில். கரை முனையில் ஒரு கதவு. அதற்கு அப்பால் ஷெட். அங்கே டாக்டர் பார்த்து, ஊசி போட்ட பிறகுதான் ஊருக்குள் விடுவார்கள். அதனால் பாலத்தில் எப்போதும் ஆள் தேங்கி நிற்கும்.

அன்றைக்கு மத்தியானம் வந்த தோணியில் என் தங்கை செல்லக்கனி வந்தாள். கொழும்பில் கட்டிக் கொடுத்தவள். நிறைமாதம். மாப்பிள்ளை கடையைப் பூட்ட வழியில்லாமல் அங்கேயே இருந்துகொண்டு, தெரிந்த குடும்பத்தோடு அவளை மட்டும் அனுப்பியிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோணியிலிருந்து ஏறி வந்தவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அண்ணே, நீங்க போடுத சத்தம் நடுக்கடல்லயே கேட்டுட்டு. அப்பவே ஊரு வந்துட்டுன்னு நெனச்சேன்."

"வாயாடி, வாயாடி. உக்காரு. இந்தத் தோணி ஆளுவ எறங்குன ஒடனே நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

கம்பி இல்லாத பக்கத்தில் காற்று நன்றாக வந்தது. அங்கே தன் ட்ரங்குப் பெட்டியைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஓரமாகத்தான் உப்புக்காரப் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பனையோலைக் கடகத்தில் உப்பைச் சுமந்து வந்து, அடுத்து நின்ற சரக்குத் தோணியில் கொட்டுவது அவர்கள் வேலை. அந்த வரிசைக்கு முன்னால் நடப்பவள் இசக்கியக்கா. கட்டையான உருவம், பெரிய தொண்டை. தலையில் கடகத்தோடு அவள் ஓடி நான் பார்த்ததில்லை, நின்றும் பார்த்ததில்லை.

அப்போது மில் சங்கு ஊதியது.

எங்கள் ஊரில் அந்தச் சங்குக்கு யாரும் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். மில்லில் ஆள் மாறுகிற நேரம் என்று அர்த்தம். அதை வைத்து வீடுகளில் உலை வைப்பார்கள். எங்களுக்கு அது காக்கை கரைவது மாதிரி. அதனால்தான், கொழும்பிலிருந்து வருகிறவர்களிடம் அதைப் பற்றி முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களோ சங்கு ஊதினால் பதுங்கு குழிக்கு ஓட வேண்டும் என்று பழகி வந்தவர்கள். "குண்டு போடப் போறான்!" என்று ஒரே ஒரு குரல்தான் எழுந்தது. அத்தனை முகமும் வானத்துக்குத் திரும்பியது. முன்னால் நின்றவர்கள் கதவைப் பார்த்து முண்டினார்கள். பின்னால் நின்றவர்கள் வந்த தோணிக்கே திரும்பி ஓடப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் அகப்பட்டவர்கள் கம்பி இல்லாத பக்கமாகப் பிதுங்க ஆரம்பித்தார்கள். செல்லக்கனி எழுந்து நின்றுவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம்கூட இல்லை, அப்புறம் கடல்.

துரை என் பக்கத்தில்தான் நின்றார். நல்ல மனிதர் அவர். கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும், வாய் தடிக்காது. "அவர்களை ஷெட்டுக்குச் சேனல் செய்" என்றார். "மெதுவாக, ஒரே வரிசையாக."

சொன்னது சரிதான். ஆங்கிலத்தில் அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. நான் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, எனக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் குழாய் வழியாக விட்டேன். விலகுங்கள், திரும்புங்கள், வரிசையாகப் போங்கள், அது மில் சங்கு, பயப்படாதீர்கள். ஒன்றும் ஏறவில்லை. பயந்தவன் காதுக்கு எல்லாச் சத்தமும் ஒரே சத்தம். "ஒதுங்குங்க!" என்று கத்தியபோதுதான் எனக்கே உறைத்தது. எங்கே ஒதுங்குவார்கள்? ஒதுங்குவதற்கு அங்கே இருந்த ஒரே இடம் கடல். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் வாயிலிருந்து விடவில்லை.

குழாயைப் போட்டுவிட்டுத் தங்கையிடம் ஓடத்தான் கால் கிளம்பியது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டி மேல் நிற்கிற ஒரே சர்க்கார் ஆள் நான். நான் குதித்து ஓடினால், பார்த்தீர்களா, அவனே ஓடுகிறான் என்று மிச்சம் இருப்பவர்களும் ஓடுவார்கள். அவள் மேல்தான் விழுவார்கள். அங்கேயே நின்றேன்.

அந்த நேரத்தில் யாரோ இடித்ததில் இசக்கியக்காவின் கடகம் சாய்ந்து, பாதி உப்பு கீழே கொட்டிவிட்டது. பிதுங்கி வந்தவர்களின் கால்களுக்கு நேர் முன்னால். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏலே, உப்பை மிதிக்காத! கண்ணு அவிஞ்சா போச்சு? ஒங்க வீட்டுல சோத்துல உப்பு போடுததில்லையா? மிதிக்காதிய, ஏ, மிதிக்காதிய!"

முன்னால் வந்த ஒரு தடித்த ஆள், தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டார். கீழே வைக்க மனம் வரவில்லை. பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். அவருக்கு அடுத்து நின்ற பெண், தெரியாமல் மிதித்துவிட்டாள் போலிருக்கிறது. அந்த நெருக்கடியிலும் குனிந்து, உப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குண்டு விழப்போகிறது என்று ஓடியவள்! அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அவளை இடிக்காமல் நின்றார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம் இதுதான். சரியான சொல் எப்போதும் உங்கள் வாயிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் யாராவது அதைக் கண்டுபிடித்துவிட்டால், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். துரை சொன்னதை அப்படியே கீழே வைத்துவிட்டு, இசக்கியக்கா சொன்னதை எடுத்துக் குழாயில் வைத்தேன்.

"உப்பு! உப்பை மிதிக்காதீங்க! கீழே பாருங்க, உப்பு!"

வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கும்பிடுகிற சாமி வேறு வேறாக இருக்கலாம். உப்பை மிதித்ததற்கு அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்காதவர் அந்தப் பாலத்தில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். உப்பு கிடந்த இடத்தில் மட்டும் ஆள் வரவில்லை. அதைக் கண்டதும் எனக்கு மூளை ஓடியது.

"இசக்கியக்கா! எல்லாக் கடகத்தையும் ஓரமா கொட்டுங்க! பாலத்து ஓரம் நெடுக!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே!

"ரைட்டர் தம்பி, ஒமக்கு என்ன கிறுக்கா? உப்பைத் தரையில கொட்டச் சொல்லுதீரு. கொட்டுன கை வெளங்குமா?"

"அக்கா, அந்த ஓரத்துல நிக்கா பாருங்க, வயித்துப் பிள்ளைக்காரி. அது என் தங்கச்சி."

இசக்கியக்கா திரும்பிப் பார்த்தாள். செல்லக்கனி ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் பெட்டிக் காதையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். இசக்கியக்கா கடகத்தை இறக்கி, உதட்டை அசைத்து எதையோ முணுமுணுத்துவிட்டு, மிச்ச உப்பைச் சாய்த்தாள். வீசிக் கொட்டவில்லை. உப்பளத்தில் பாத்திக்கு வரப்பு அணைப்பது போலக் கையால் அணைத்து அணைத்து வைத்தாள். "ஏளா, பாத்துட்டு நிக்காதிய, வரப்பு போடுங்களா!" என்று பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினாள். வரிசையாக நின்ற பெண்கள் நின்ற நின்ற இடத்தில் இறக்கினார்கள். பாலத்தின் அந்த ஓரம் நெடுக வெள்ளையாக ஒரு கரை எழுந்தது. கணுக்கால் உயரம்கூட இருக்காது. கோழிக்குஞ்சு தாண்டிவிடும். மனிதர் ஒருவர்கூடத் தாண்டவில்லை. கூட்டம் தானாகவே ஓர் அடி உள்ளே வாங்கிக்கொண்டது. அந்த ஓர் அடியில் என் தங்கை மூச்சு விட்டாள்.

துரை கீழேயிருந்து கேட்டார்: "என்ன சொன்னாய் அவர்களிடம்?"

"உப்பை மிதிக்க வேண்டாம் என்றேன், சார்."

அவர் காது சிவக்கும் என்று எதிர்பார்த்தேன். சிவக்கவில்லை. அந்த வெள்ளைக் கரையைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். "அப்படியே சொல்லிக்கொண்டிரு" என்றார். பிறகு தோணி அணைகிற முனைக்குத் தானே நடந்தார், இனி ஒருவரும் இறங்கக் கூடாது என்று தோணிக்காரரிடம் சைகை காட்ட. பூட்ஸ் போட்டவர். அவருக்கு உப்பைப் பற்றி ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் அந்தக் கரையில் கால் படாமல் பார்த்துப் பார்த்து வைத்துப் போனார்.

கடகம் காலியானதும் பெண்களின் தலையும் காலியாகிவிட்டது. சுமை இல்லாமல் நின்று பழக்கம் இல்லை அவர்களுக்கு. நான் சொல்வதற்கு முன்னாலேயே இசக்கியக்கா செல்லக்கனியின் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"வா தாயி. என் முதுகைப் பாத்துக்கிட்டே வா. ஓடாத. நான் எப்படி நடக்கேனோ அப்படி நட."

மற்றப் பெண்களும் ஆளுக்கொரு மூட்டையை எடுத்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து உயிரையும் ஒரு மூட்டையையும் மட்டுமே கொண்டு வந்தவர்கள் அந்தச் சனங்கள். மூட்டை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் போவார்கள். வரப்பின் மேல் நடந்து பழகிய பெண்கள், முன்னால் போகிறவள் வைத்த தடத்திலேயே கால் வைத்து, அவசரமில்லாமல் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் குடும்பம் குடும்பமாக, பிள்ளை குட்டிகளோடு, அவரவர் மூட்டையின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு அத்தனை பேரும் நடந்தார்கள். காவல்காரர் கதவின் இன்னொரு பாதியையும் திறந்துவிட்டார். ஒருவரும் கடலில் விழவில்லை. துரை கேட்டாரே, மெதுவாக, ஒரே வரிசையாக என்று, அப்படியே.

கடைசி ஆளும் கதவைத் தாண்டியதும்தான் நான் பெட்டியிலிருந்து இறங்கினேன். இறங்கி, அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்லக்கனி என்னை நோக்கித் திரும்பி வந்தாள். நேராக வரவில்லை. கதவுப் பக்கம் உப்புக்கரை முடிகிற இடத்தில் மெல்லக் குனிந்து, ஒரு கை உப்பை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"என்னளா செய்த?"

"வேற ஒண்ணும் கொண்டாரலையே அண்ணே. பிள்ளை பொறக்கப் போற வீட்டுக்குள்ள வெறுங்கையோடயா போக?"

உப்புக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி விஷயம் கேள்விப்பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "எவம்லே என் சரக்கைத் தரையில கொட்டச் சொன்னது?" நான் வாயைத் திறப்பதற்குள் துரை முன்னால் வந்து, "நான்தான்" என்றார், தமிழில். அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. அதற்காக மட்டுமே அவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டவன். அண்ணாச்சி துரையை ஒன்றும் சொல்ல முடியாமல் குனிந்து, கரையை அந்த முனையிலிருந்து இந்த முனைவரை பார்த்துக்கொண்டே நடந்தார். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"ஒருத்தரும் மிதிக்கலையே! இத்தனை கூட்டத்துல ஒரு கால் தடம் இல்லையே! அப்புறம் என்ன, மேலாப்புல அள்ளுங்களா, அள்ளுங்க. அடியில கெடக்கதை அப்படியே கடல்ல விட்டுருங்க. வந்த எடத்துக்கே போவட்டும்."

மறுநாள் துரை ஒரு அறிவிப்பு எழுதிக் கொடுத்தார். வந்திறங்கும் பயணிகள் ஷெட்டுக்குச் சேனல் செய்யப்படுவார்கள் என்று ஒரே வரி. நான் தமிழில் எழுதியது இப்படி: 'உப்புச் சுமக்கும் பெண்கள் உங்கள் மூட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து, உங்களை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் பின்னால் வாருங்கள். மத்தியானம் ஊதுவது மில் சங்கு. பயப்பட வேண்டாம்.' துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தமிழுக்கு ஏன் இவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது என்று கேட்டார்.

"யார் முன்னால் போகிறார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, சார்" என்றேன்.

சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உப்புக்காரப் பெண்களுக்கு அதற்குத் தனிக் கூலியும் வாங்கிக் கொடுத்தார்.

மூக்குக்கண்ணாடிப் பெண்ணே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மேசைக்கு அந்தச் சொல் திரும்பவும் வரும். நிதியைச் சேனல் செய், இளைஞர் சக்தியைச் சேனல் செய் என்று வரும். தண்ணீரானால் பாய்ச்சுங்கள். பணமானால் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டு, அவர் பெயரை எழுதுங்கள். மனிதர் என்றால் உடனே எழுதிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பாலத்தில் நிற்பது போல ஒரு தரம் நின்று பாருங்கள். 'ஒதுக்கு' என்று எழுதப் போகிறீர்களா, ஒதுங்க அவர்களுக்கு இடம் இருக்கிறதா? நான் இத்தனை வருஷம் இந்த வேலையில் தட்டுத்தடுமாறாமல் வந்ததற்கு அந்த ஒரு மத்தியானம்தான் காரணம். அதைக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் துரை, கடல் தாண்டிப் போய்விட்டார். இன்னொருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

செல்லக்கனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த மறு வாரம் உடன்குடிக் கருப்பட்டி ஒரு ஓலைக் கொட்டான் வாங்கிக்கொண்டு உப்பளத்துக்கு இசக்கியக்காவைத் தேடிப் போனேன். வெயில் கொளுத்தியது. கண்ணைத் திறக்க முடியவில்லை, எல்லாம் வெள்ளை. அவள் வழக்கம்போல வரிசைக்கு முன்னால் நின்று கடகத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். பெரிய பேச்சாக யோசித்து வைத்திருந்தேன், அத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள் என்றெல்லாம்.

"நான் எங்க தம்பி காப்பாத்துனேன்? உப்பை மிதிக்கானுவளேன்னு வயிறு எரிஞ்சு கத்துனேன். மிச்சத்தை நீருல்லா செஞ்சீரு" என்றாள். பிறகு கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டுக் கேட்டாள்: "பிள்ளை நல்லா அழுததா?"

"ஊரே கேட்டுது அக்கா."

"அப்போ சரி. உப்பைக் கொட்டச் சொன்ன பாவம் ஒமக்கு. கொட்டுன பாவம் எனக்கு. அன்னையிலிருந்து சரியா தூங்கலை நான். இப்போ பிள்ளை அழுதுட்டுல்லா, அந்தக் கண்ணீருல ரெண்டும் கரைஞ்சு போச்சு. கருப்பட்டியை அங்கன வச்சிட்டு, வந்தது வந்தீரு, இந்தக் கடகத்தைத் தூக்கி விடும்."

தூக்கி விட்டேன். அவள் வரப்பில் ஏறி முன்னால் நடந்தாள்.